வெளிநாட்டு உதவியும் வளர்ச்சிக் கணக்கும்: கரிசல் காட்டிலிருந்து ஒரு வாசிப்பு

1

‘வெளிநாட்டு உதவி’ என்கிற சொற்சேர்க்கையிலேயே ஒரு தந்திரம் இருக்கிறது. திருப்பிக் கேட்காமல் கொடுப்பதைத்தான் தமிழில் உதவி என்கிறோம். திருப்பிக் கொடுக்க வேண்டியது கடன். உலக வங்கி கொடுப்பதும் ஜப்பான் கொடுப்பதும் பெரும்பாலும் கடன்தான். வட்டி கம்மி, தவணை நீளம், அவ்வளவுதான் வித்தியாசம். பணக்கார நாடுகளின் அமைப்பு வைத்திருந்த பழைய விதியின்படி ஒரு கடனில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு சலுகை இருந்தாலே போதும், முழுக் கடனையும் ‘உதவி’க் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். பல பத்தாண்டுகள் இப்படித்தான் எழுதினார்கள். 2018ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்துதான் சலுகைப் பங்கை மட்டும் எண்ணும் முறைக்கு மாறினார்கள்.

சங்கரன்கோவில் தறிக்காரருக்கு இதைப் பாடம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. முதலாளி முன்பணம் தருவார். பாவும் ஊடையும் அவரே தருவார். சேலையை அவருக்கே கொடுத்துவிட்டுக் கூலி வாங்க வேண்டும். முன்பணம் அடையும்வரை வேறு ஆளிடம் தறி ஓட்ட முடியாது. இதை யாராவது ‘உதவி’ன்னு சொன்னா தறிக்காரர் சிரிப்பார். ஆனால் இதே ஏற்பாட்டை ஒரு அரசு இன்னொரு அரசோடு செய்துகொள்ளும்போது, எங்கள் பணத்தில் எங்கள் இயந்திரத்தையே வாங்கு, எங்கள் நிபுணருக்கே சம்பளம் கொடு என்று நிபந்தனை போடும்போது, அதற்கு உதவி என்று பெயர்.

அடுத்த சொல் ‘வளர்ச்சி’. ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் இருக்கிற இடத்தில் தமிழில் நமக்கு ஒன்றுதான். தேசிய வருமானம் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கூடியது என்பதும் வளர்ச்சி. ஒரு சமூகம் எப்படி வாழ்கிறது என்பதும் வளர்ச்சி. பிள்ளை எடை போடுவதும் வளர்ச்சி. இந்த ஒற்றைச் சொல்லின் மயக்கத்தில் முதல் அர்த்தம் மற்ற இரண்டையும் விழுங்கிவிடுகிறது. ‘உதவியால் வளர்ச்சி வருமா?’ என்ற கேள்வியைக் கேட்கிறபோது நாம் எந்த வளர்ச்சியைக் கேட்கிறோம் என்பதே தெளிவில்லாமல் போகிறது. இந்தக் கேள்வியை வடிவமைத்தவர்கள் யார், அதற்கு அவர்களே கண்ட பதில் என்ன, கரிசல் காட்டிலிருந்து பார்த்தால் அது எப்படித் தெரிகிறது என்பதைப் பேசிப் பார்க்கலாம்.

2

1949 ஜனவரி 20 அன்று அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் தன் பதவியேற்பு உரையில் நான்காவது அம்சமாக ஒன்றைச் சொன்னார்: ‘வளர்ச்சி குன்றிய’ பகுதிகளுக்கு அமெரிக்காவின் அறிவியலும் தொழில்நுட்பமும் போய்ச்சேர வேண்டும். அன்றைக்கு உலக மக்கள்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் ஒரே நாளில் ‘குன்றியவர்கள்’ ஆனார்கள் என்று பிற்காலத்தில் வளர்ச்சிச் சொல்லாடலைக் கட்டுடைத்தவர்கள் எழுதினார்கள். ஆர்தூரோ எஸ்கோபாரின் நூல் 1995இல் வந்தது. லெசோத்தோ நாட்டில் ஓர் உதவித் திட்டம் எப்படி அரசியலை அரசியலற்றதாக்கி, அரசு அதிகாரத்தை மட்டும் விரித்துவிட்டுப் போனது என்று ஜேம்ஸ் ஃபெர்குசன் 1990இல் காட்டினார். இவை நம் சிறுபத்திரிகை வாசகர்களுக்கு ஓரளவு பழக்கமான பெயர்கள். ஆனால் இவர்களை வாசித்த அளவுக்கு எதிர்த்தரப்பின் பிரதியை, அதாவது பொருளியலாளர்களின் கணக்கை, நாம் வாசித்ததில்லை. அதை வாசித்தால் ஒரு வேடிக்கை தெரியும். அந்தக் கணக்கு வெளியாட்கள் யாரும் கை வைக்காமலே சரிந்து கிடக்கிறது.

கணக்கு எளிமையானது. ஏழை நாட்டில் சேமிப்பு குறைவு. ஆகவே முதலீடு குறைவு. ஆகவே வளர்ச்சி குறைவு. இயந்திரம் இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணியும் இல்லை. இந்த இரண்டு பள்ளங்களையும் வெளியிலிருந்து வருகிற பணத்தால் நிரப்பினால் வண்டி ஓடும். ஹாலிஸ் செனரியும் ஆலன் ஸ்ட்ரௌட்டும் 1966இல் இதற்கு முழு வடிவம் கொடுத்தார்கள். இந்தியாவின் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டமும் அதன் அந்நியச் செலாவணி நெருக்கடியும், அதையொட்டி 1958இல் உலக வங்கி கூட்டிய உதவி நாடுகளின் கூட்டமைப்பும் இந்தச் சிந்தனைக்கு நடைமுறைக் களம்.

நடந்தது என்ன? வில்லியம் ஈஸ்டர்லி 1999இல் ஜாம்பியாவை எடுத்துக்கொண்டு இந்தச் சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தார். வந்த உதவி எல்லாம் முதலீடாகி, சூத்திரம் சொன்னபடி வளர்ந்திருந்தால் 1994இல் ஜாம்பியாவின் தலா வருமானம் இருபதாயிரம் டாலருக்கு மேல் இருந்திருக்க வேண்டும். இருந்தது அறுநூறு டாலர் அளவில். அதற்கு முன்பே, 1987இல், பால் மோஸ்லி ஒரு முரணைச் சுட்டினார்: தனித்தனித் திட்டங்களைக் கேட்டால் எல்லாம் வெற்றி என்கிறார்கள், நாட்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் வளர்ச்சியில் தடயமே இல்லை. தனித்தனியா எல்லாரும் பாஸ், மொத்தமாப் பார்த்தா பள்ளிக்கூடமே ஃபெயில் என்பதுபோல.

பிறகு பர்ன்சைடும் டாலரும் வந்தார்கள். 56 நாடுகள், 1970 முதல் 1993 வரையிலான புள்ளிவிவரம். உதவி ‘நல்ல கொள்கை’ உள்ள நாடுகளில் வளர்ச்சி தரும் என்றார்கள். 2000இல் அச்சேறுவதற்கு முன்பே, 1998இல், உலக வங்கி இதைத் தன் வேதமாக்கிக்கொண்டது. ‘நல்ல கொள்கை’ என்றால் என்ன? பட்ஜெட் பற்றாக்குறை கூடாது, விலைவாசி ஏறக் கூடாது, சந்தை திறந்திருக்க வேண்டும். ஏழு வருஷம் தாங்கவில்லை. 2004இல் ஈஸ்டர்லி, லெவின், ரூட்மன் மூவரும் அதே சமன்பாட்டில் 1997 வரையிலான கூடுதல் தகவலைச் சேர்த்துப் பார்த்தபோது முடிவு மறைந்துபோனது. 2008இல் ரகுராம் ராஜனும் அரவிந்த் சுப்ரமணியனும் இன்னும் விரிவாகச் சோதித்து, உதவிக்கும் வளர்ச்சிக்கும் உறுதியான தொடர்பு நேராகவும் இல்லை, எதிராகவும் இல்லை என்று எழுதினார்கள். இந்த இருவரும் பின்னாளில், 2021இல், தமிழ்நாடு முதலமைச்சரின் பொருளாதார ஆலோசனைக் குழுவில் இடம்பெற்றவர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

இதில் நமக்கு முக்கியமானது கடைசிப் பாதி: ‘எதிராகவும் இல்லை’. கொடுப்பவர்களின் பெருமை உடைந்தது என்று நாம் கைதட்டலாம். ஆனால் அதே முடிவு, உதவி என்றாலே நாட்டைச் சுரண்டி வளர்ச்சியைக் கொல்வது என்கிற நம் மேடைப் பேச்சையும் சேர்த்தே உடைக்கிறது. இரண்டு தரப்பும் ஒரே தவறான அலகைக் கையில் வைத்திருக்கின்றன. கோதுமை, காற்றாலை, அணைக்கட்டு, பால்பவுடர், பீரங்கி வாங்க விடுபட்ட காசு எல்லாவற்றையும் ‘உதவி’ என்று ஒரே மூட்டையில் கட்டி, இன்னொரு பக்கம் ‘வளர்ச்சி’ என்று ஒரே எண்ணை வைத்து, நடுவில் கோடு போட்டால் கோடு எங்கேயும் போகாது. மூட்டையை அவிழ்க்க வேண்டும்.

3

முதலில் கோதுமை. அமெரிக்கப் பொதுச் சட்டம் 480, அதாவது பி.எல். 480, 1954இல் இயற்றப்பட்டது. அமெரிக்க விவசாயிகளிடம் தேங்கிய உபரித் தானியத்தை வெளியே தள்ளுவது அதன் நோக்கங்களில் ஒன்று. சட்டத்தின் வாசகமே இதை மறைக்கவில்லை. 1956இல் இந்தியா ஒப்பந்தம் போட்டது. டாலர் வேண்டாம், ரூபாயாகவே கொடு என்றார்கள். ஆக, இனாம் மாதிரி இருந்தது. 1965, 1966 இரண்டு ஆண்டும் மழை பொய்த்தது. 1966இல் மட்டும் ஏறக்குறைய ஒரு கோடி டன் தானியம் இறக்குமதியானது. கப்பல் வந்தால்தான் சோறு என்ற நிலை. ஜான்சன் நிர்வாகம் கயிற்றைச் சுருக்கிப் பிடித்தது: வருஷ ஒப்பந்தம் கிடையாது, மாதக் கணக்கில் அளந்து விடுவோம், வியட்நாம் பற்றி நாக்கை அடக்கு, விவசாயக் கொள்கையை மாற்று. 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. ஒரு டாலருக்கு 4.76 ரூபாய் இருந்தது 7.50 ஆனது.

சென்னை மாநிலத்தில் அரிசிப் பஞ்சம் 1967 தேர்தலில் ஆட்சியையே புரட்டியது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி எங்கிருந்து பலம் பெற்றது என்று யோசித்தால், வாஷிங்டனில் இழுக்கப்பட்ட கயிறும் அந்தக் கதையின் ஒரு இழை. உதவியின் விளைவைச் சதவீத வளர்ச்சியில் தேடுகிறவர்கள் கண்ணில் இது படுவதில்லை. ஒரு ஆட்சி மாற்றமும் ஒரு நாணய மதிப்பிறக்கமும் அந்தச் சமன்பாட்டில் எந்தக் கட்டத்திலும் உட்காராது.

அந்த அவமானம்தான் உணவுத் தன்னிறைவு என்ற வெறியை டெல்லிக்குக் கொடுத்தது. விளைவு, வீரிய விதை, உரம், பம்புசெட். நஞ்சைக்கு அது வாழ்வு. மானாவாரிக் கரிசலுக்கு அதில் பங்கு சொற்பம். கம்பும் சோளமும் இருங்கும் நம் காட்டிலிருந்து ஒதுங்கியதற்கு அமெரிக்கக் கப்பல் மட்டும் காரணம் என்று சொல்வது சுலபம். ஆனால் ரேஷன் அரிசியும் பருத்தி விலையும் கூலி உயர்வும் நாமே வளர்த்துக்கொண்ட ‘அரிசிச் சோறே கௌரவம்’ என்ற எண்ணமும் சேர்ந்துதான் அதைச் செய்தன.

இந்தக் கோதுமைக்கு இன்னொரு வால் உண்டு. இந்தியா கட்டிய ரூபாய் இங்கேயே அமெரிக்கக் கணக்கில் மலைபோல் குவிந்தது. 1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் மொய்னிஹான் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலை எழுதி அதில் பெரும்பகுதியைக் கழித்தார். அதற்கு முன்பு, 1962 முதல், அந்த ரூபாயில் ஒரு சிறு பங்கு இந்திய மொழிப் புத்தகங்களையும் இதழ்களையும் வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களுக்கு அனுப்பப் பயன்பட்டது. தமிழ் நூல்களும் அதில் போயின. கோதுமை இங்கே, புத்தகம் அங்கே. நம் பேரேட்டில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது? ஏகாதிபத்தியம் என்றா, பாதுகாப்பு என்றா? இரண்டும்தான். ஒரே வரியில் தீர்ப்பு எழுதுகிறவர்களுக்கு இந்த ‘இரண்டும்’ சங்கடமாக இருக்கும்.

4

இரண்டாவது, சோறு. இங்கேயிருந்து கழுகுமலை, கோவில்பட்டி வழியாகப் போனால் எட்டயபுரம். 1956இல் காமராஜர் காலத்தில் மதிய உணவு தொடங்கப்பட்ட ஊர் அது. அதற்கும் முன்னோடி உண்டு. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் நீதிக்கட்சிக்காரர்கள் தொடங்கியது. 1956இல் அரசிடம் காசு போதவில்லை. கல்வித்துறையில் நெ.து. சுந்தரவடிவேலு போன்றோர் ஊர் ஊராகப் போய்ப் பொதுமக்களிடம் அரிசியும் பணமும் திரட்டினார்கள். ஊர்தான் முதலில் கொடுத்தது. ‘கேர்’ என்ற அமெரிக்க அமைப்பின் பால்பவுடரும் எண்ணெயும் மாவும் சேர்ந்தது 1961இல்தான். இந்த வரிசை முக்கியம். வெளியிலிருந்து வந்த உணவு, ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த அடுப்புக்கு வந்த விறகு. அடுப்பை வைத்தவர்கள் அவர்கள் அல்ல.

1980இல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை, ராமநாதபுரம் முதலிய மாவட்டங்களில் வந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான பிள்ளைகளை மாதாமாதம் எடை போடுவார்கள். எடை கூடாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள் சத்துமாவு. கூடியதும் நிறுத்தம். சிக்கனம், இலக்கு, கசிவின்மை என்பது அதன் தர்க்கம். அந்தத் திட்டம் கடுமையான ஊட்டக்குறைவைக் குறைத்தது என்று மதிப்பீடுகள் சொல்லின. அதை மறுக்க வேண்டியதில்லை. தராசு ஏந்திப்போன கிராமப் பெண்களின் உழைப்பு அது.

ஆனால் 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு எல்லாப் பிள்ளைகளுக்கும் சத்துணவு என்று அறிவித்தபோது பொருளியல் படித்தவர்கள் என்ன சொன்னார்கள்? ஊதாரித்தனம், ஓட்டு வேட்டை, வளர்ச்சித் திட்டங்களுக்கான பணம் சோற்றில் போகிறது. பர்ன்சைடு, டாலரின் ‘நல்ல கொள்கை’ அளவுகோலில் போட்டால் சத்துணவுக்கு மார்க் கிடைக்காது. பட்ஜெட்டை அது கனக்கச் செய்கிறது. அந்தப் பணம் மாநிலத்தின் சொந்த வருவாயிலிருந்து வந்தது (மதுவிலக்கு தளர்த்தப்பட்ட காலம் அது என்பதையும் மறைக்க வேண்டாம்). ஆனால் நின்றது எது? கேர் போனது, உலக வங்கியின் திட்டக் காலம் முடிந்தது. சத்துணவு நின்றது. 2001 நவம்பர் 28இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கச் சமைத்த உணவு கொடுக்கச் சொன்னபோது கைகாட்ட ஒரு முன்மாதிரி இங்கே இருந்தது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. எந்த முதலமைச்சரும் அதில் கைவைக்கத் துணியமாட்டார். ஏன்? நிறுத்தினால் கேட்க ஊரில் ஆள் இருக்கிறது. உலக வங்கித் திட்டத்தை நிறுத்தினால் கேட்க யாரிடம் போவது?

ஆங்கஸ் டீட்டன் 2013இல் எழுதியதன் சாரமும் இதுதான்: வெளியிலிருந்து வருகிற பணம் அளவுக்கு மிஞ்சும்போது அரசு தன் மக்களிடம் வரி கேட்க வேண்டியதில்லை, ஆகவே பதிலும் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவில் உதவி உச்சத்தில் இருந்த காலத்திலும் தேசிய வருமானத்தில் அது சில சதவீதம்தான். ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் அரசே அதில்தான் நடந்தது. நம்மைக் காப்பாற்றியது நம் அரசியல்வாதிகளின் நேர்மை அல்ல, உதவியின் அளவு சிறிதாக இருந்தது என்றும் சொல்லலாம்.

5

மூன்றாவது, காத்தாடி. திருநெல்வேலியிலிருந்து தேவர்குளம் வழியாகச் சங்கரன்கோவிலுக்கு வருகிறவர்கள் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வரலாம். செங்கோட்டைக் கணவாயில் நுழைகிற காற்று வைகாசி தொடங்கி ஆவணி தாண்டி இந்தக் காட்டில் சுழன்றடிக்கும். 1980களின் இறுதியில் டென்மார்க்கின் அரசு உதவி நிறுவனமான ‘டேனிடா’வின் நிதியில் நாட்டில் மூன்று இடங்களில் மொத்தம் 20 மெகாவாட்டுக்கு மாதிரிக் காற்றாலைகள் வைக்கப்பட்டன: குஜராத்தின் லாம்பாவில் 10, கயத்தாறில் 6, முப்பந்தலில் 4. டென்மார்க் பணம், டென்மார்க் இயந்திரம். பாவும் ஊடையும் முதலாளியுடையது. கையோடு வெஸ்டாஸ், மைக்கான் போன்ற டென்மார்க் கம்பெனிகள் இந்தியக் கூட்டாளிகளோடு இங்கே சந்தை பிடித்தன. ‘கட்டுண்ட உதவி’ என்பதற்குப் பாடப்புத்தக உதாரணம்.

அப்படியானால் இது வெறும் வியாபாரம்தானா? வியாபாரம்தான். ஆனால் கயத்தாறு சோதனை நிலையமும், 1998இல் சென்னையில் தொடங்கிய காற்றாற்றல் தொழில்நுட்ப மையமும் டேனிடா துணையோடு வந்தவை. காற்றை அளக்கிற, இயந்திரத்தைச் சோதிக்கிற அறிவு இங்கே தங்கியது. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியிருக்கிறது. தமிழகத்துக்குக் கிடைத்த 10 மெகாவாட் விதை ஆயிரம் மடங்காயிற்று என்று டென்மார்க்காரர் அறிக்கை எழுதிக்கொள்ளலாம். உதவி வளர்ச்சி தரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று கேட்கலாம்.

அங்கேதான் நிறுத்திக் கேட்க வேண்டும். ஆயிரம் மடங்காக்கியது எது? மாதிரி ஆலை அல்ல. காற்றாலை வாங்கினால் அதன் முழு மதிப்பையும் முதல் வருஷமே தேய்மானமாகக் காட்டி வருமான வரியைத் தப்பிக்கலாம் என்று 1990களில் மத்திய அரசு கொடுத்த சலுகை. இங்கே உண்டாக்குகிற மின்சாரத்தை வாரியத்தின் கம்பியில் ஏற்றி, கோயம்புத்தூரிலோ ராஜபாளையத்திலோ தன் மில்லில் இறக்கிக்கொள்ளலாம், மிச்சத்தைச் சேமித்தும் வைக்கலாம் என்று மின்வாரியம் கொடுத்த வசதி. அதாவது இந்த நாட்டுப் பொதுப்பணம். டென்மார்க் வழி காட்டியது, செலவழித்தது நாம்.

ஆதாயம் யாருக்கு? காத்தாடி நிற்கிற காடு மானாவாரி. நிலம் கொடுத்தவருக்கு ஒருமுறை விலை. தரகருக்குத் தரகு. ஊரில் சிலருக்கு வாட்ச்மேன் வேலை. மின்சாரம், வரிச்சலுகை, லாபம் மூன்றும் கம்பி வழியாக வெளியே போகின்றன. மாநிலத்தின் மொத்த உற்பத்தியில் இது வளர்ச்சியாகப் பதிவாகும், சரிதான். ஆனால் 2008க்குப் பிந்தைய மின்வெட்டு ஆண்டுகளில், காத்தாடி சுற்றுகிற காட்டுக்கு நடுவிலேயே விசைத்தறிகள் நின்று கிடந்தன. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் இலவசம் என்று 2006இல் வந்து, 2016இல் 750 ஆகி, 2023இல் 1,000 ஆனதே, அது எந்த உதவி நிறுவனத்தின் திட்டத்திலும் இல்லை. தறிக்காரர்கள் கேட்டு, போராடி, ஓட்டைக் காட்டி வாங்கியது. காற்று நம்மது, காடு நம்மது, யூனிட்டுக்கு மட்டும் மனுப் போடணும். இந்த முரணை ‘உதவி பயன்பட்டதா?’ என்ற கேள்வி தொடாது. ‘யாருடைய பேரத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள்?’ என்ற கேள்விதான் தொடும்.

6

வளர்ச்சி விகிதம் நன்றாகவே உயர்ந்து, அதே உதவியால் ஒரு மக்கள் கூட்டம் நசுங்கிய கதையும் தமிழர்களுக்குத் தெரியும். 1977க்குப் பிறகு இலங்கையில் மகாவலித் திட்டம் துரிதப்படுத்தப்பட்டது. விக்டோரியா அணைக்கு பிரிட்டன், கொத்மலைக்கு ஸ்வீடன், ரந்தெனிகலைக்கு மேற்கு ஜெர்மனி, மாதுரு ஓயாவுக்குக் கனடா. அணை வந்தது, மின்சாரம் வந்தது, அந்த வருஷங்களில் வளர்ச்சி எண்ணும் எழுந்து நின்றது. திட்டத்தின் ‘எல்’ பகுதி என்ற பெயரில் மணலாறு ‘வெலி ஓயா’ ஆனது. தமிழ் ஊர்கள் காலியாயின. ஸ்வீடனோ பிரிட்டனோ இதைத் திட்டமிட்டதாக யாரும் சொல்லவில்லை. ஆனால் கொழும்பின் பணப்பையிலிருந்து அணைச் செலவு இறங்கினால் அந்தப் பை வேறெதற்கோ திறக்கும். பணத்துக்கு நிறம் கிடையாது. உதவி சிமெண்டாக இறங்கும். வேறு இடத்தில் குடியேற்றமாக, துப்பாக்கியாக வெளிப்படும். 1983க்குப் பிறகும் உதவி நின்றுவிடவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இங்கே, நம் பக்கத்தில், கூடங்குளம். 1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. சோவியத் கடன், பிறகு ரஷ்யக் கடன், ரஷ்ய உலை. 2011, 2012இல் இடிந்தகரையில் மக்கள் உட்கார்ந்தபோது, 2012 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங் ஓர் அறிவியல் இதழுக்கு அளித்த பேட்டியில் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களைக் கைகாட்டினார். அந்நிய நிதி என்று சொல்லி அமைப்புகளின் கணக்குகள் முடக்கப்பட்டன. வெளிநாட்டுக் கடனில் கட்டுகிற உலை தேசபக்தி. அதை வேண்டாம் என்கிற மீனவப் பெண் அந்நியக் கைக்கூலி. இந்த இலக்கணத்தை அரசு எங்கிருந்து கற்றது?

கொஞ்சம் நம் பக்கமும் பார்க்க வேண்டும். 1984இல் பிரகாஷ் காரத் தன்னார்வக் குழுக்களை ஏகாதிபத்தியத் தந்திரத்தின் ஒரு கூறாகச் சொல்லி எழுதிய கட்டுரையும், அதன் பிறகு தொண்ணூறுகளில் தமிழில் எழுந்த வாதங்களும் பெருமளவு நியாயமானவை. போராட்டக்காரரைச் சம்பளக்காரராக்கியது, கோரிக்கையைத் ‘திட்ட முன்மொழிவாக’ மாற்றியது, ஊர்க்கூட்டத்தைப் பயிலரங்காக்கியது, இவையெல்லாம் நடந்தன. ஆனால் விமர்சனம் மெல்ல மெல்லப் ‘பணம் எங்கிருந்து வந்தது?’ என்ற ஒரே கேள்வியாகச் சுருங்கியது. அந்தக் கேள்வி காவல் நிலையத்தில் கேட்கத் தோதானது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 1976இல், நெருக்கடி நிலையின்போது பிறந்தது. 2010இலும் 2020இலும் இறுக்கப்பட்டது. அதே சட்டத்தை மீறியதாக 2014இல் டெல்லி உயர் நீதிமன்றம் இரண்டு பெரிய தேசியக் கட்சிகளைக் குறை சொன்னபோது என்ன நடந்தது? 2016, 2018 நிதிச் சட்டங்களின் வழியே கட்சிகளுக்கு மட்டும் 1976 வரை பின்னோக்கி விலக்கு கொடுத்துக்கொண்டார்கள். ஊர்க்குளத்தைப் பற்றிப் பேசுகிற குழுவுக்குத்தான் கணக்கு, காலக்கெடு, ரத்து.

ஆகவே ‘வெளிநாட்டுப் பணம்’ என்பதை வசைச்சொல்லாக வைத்திருக்கிற இயக்கம் தன் கழுத்துக்கே கயிறு திரிக்கிறது. 2003இல் இந்திய அரசு சிறு நாடுகளின் நேரடி உதவி இனி வேண்டாம் என்றபோது அதைத் தன்மானம் என்று மெச்சியவர்கள் உண்டு. டெல்லி பெரிய கடன்களை விட்டுவிடவில்லை. சின்னச் சின்னக் கைகளைத்தான் தட்டிவிட்டது. அரசின் தன்மானமும் மக்களின் தன்மானமும் ஒன்றல்ல.

7

2025 ஜனவரியில் டிரம்ப் அமெரிக்க உதவியை நிறுத்தினார். ஜூலை 1 அன்று யு.எஸ்.எய்ட் என்ற நிறுவனமே இல்லாமலானது. உதவி ஏகாதிபத்தியத்தின் கருவி என்றால் நாம் கொண்டாட வேண்டும். கொண்டாட முடிகிறதா? ஆப்பிரிக்காவில் எச்.ஐ.வி. மாத்திரைக்காக வரிசையில் நின்றவர்களின் வரிசை குலைந்தது. 1995 முதல் தமிழ்நாட்டிலேயே யு.எஸ்.எய்ட் நிதியில் எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் ஒன்று நடந்தது. பாலியல் தொழிலாளரிடமும் லாரி ஓட்டுநரிடமும் முகம் சுளிக்காமல் போய்ப் பேசியது. செத்துப்போகாமல் இருப்பவர்கள் வளர்ச்சி விகிதத்தில் எத்தனை சதவீதம் என்று எந்தச் சமன்பாடு சொல்லும்? உதவி வளர்ச்சி தரவில்லை, ஆகவே நிறுத்து என்பது வலதுசாரிகளின் வாதம் ஆகிவிட்டது. நம் பழைய கோஷம் அவர்கள் வாயில் கச்சிதமாகப் பொருந்துகிறது. இதுதான் ஆபத்து.

சரி, அப்ப என்னதான் கேட்கிறது? மூன்று கேள்விகள் போதும் என்று படுகிறது. ஒன்று, வெளியிலிருந்து வந்தது, இங்கே ஏற்கெனவே இருந்த ஒரு கோரிக்கையோடு சேர்ந்ததா, கோரிக்கையை இடம்பெயர்த்ததா? எட்டயபுரத்தில் சேர்ந்தது. இரண்டு, வேண்டாம் என்று சொல்கிற தெம்பு வாங்குகிறவரிடம் இருந்ததா? 1966இல் இல்லை, ரூபாய் இறங்கியது. மூன்று, அது நின்றால் யாரைப் பிடித்துக் கேட்பது என்று ஊருக்குத் தெரியுமா? சத்துணவுக்குத் தெரியும், காத்தாடிக்குத் தெரியாது.

இது ‘நல்ல கொள்கை’ வாதத்தின் வேறு உருவம்தானே என்று கேட்கலாம். இல்லை. அவர்களுடைய நல்ல கொள்கை கொடுப்பவர் கண்ணுக்கு நல்லது: பற்றாக்குறை, விலைவாசி, சந்தைத் திறப்பு. நான் சொல்வது வாங்குகிற நாட்டுக்குள் அரசுக்கும் மக்களுக்கும் நடுவில் இருக்கிற பிடி. தென்கொரியாவை உதாரணம் காட்டுகிறவர்கள் அமெரிக்க டாலரை மட்டும் காட்டுவார்கள். டாலர் கொட்டிய 1950களில் அல்ல, அது குறையத் தொடங்கிய 1960களில்தான் அங்கே வளர்ச்சி பாய்ந்தது என்பதையும், அதற்கு முன்பே நிலச்சீர்திருத்தம் நடந்துவிட்டது என்பதையும் சொல்ல மறந்துவிடுவார்கள்.

ஒரு திட்டம் வரும்போது அது வாஷிங்டன் பணமா, கோபன்ஹேகன் பணமா, டெல்லி பணமா என்பது இரண்டாவது கேள்வி. டெல்லியிலிருந்து வருகிற பணமும் நிபந்தனையோடுதான் வருகிறது. அதிலும் பாவும் ஊடையும் யாருடையது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஊர்க்கூட்டத்தில் திட்ட அறிக்கை தமிழில் வாசிக்கப்பட்டதா, நிலத்தின் விலையும் மின்சாரத்தின் பங்கும் அங்கே பேசப்பட்டதா, கையெழுத்துக்கு முன்னால் மறுக்க அவகாசம் இருந்ததா என்று கேட்கிற பழக்கம் நம் இயக்கங்களில் இன்னும் ஏற்படவில்லை. கரிசல் காட்டில் அடுத்துச் சூரியத் தகடுகள் இறங்கிக்கொண்டிருக்கின்றன. அதன் கடன் எந்த வங்கியுடையது என்று தேடுவதற்கு முன்னால், எந்த ஓடையை மறிக்கிறது, எந்த மந்தையை அடைக்கிறது, யார் பெயரில் பட்டா மாறுகிறது என்று தாலுகா ஆபீசில் போய்க் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு எந்தச் சமன்பாடும் தேவையில்லை.